மாமா பார்த்த ஊர்கள்

“சொல்றது நிஜக் கதையா இருக்கணும்மா. புளுகினா எனக்கு உடனே தெரிஞ்சிடும். நான் பார்க்காத துறைமுகமே கிடையாது!”

கேக் துண்டோடு சோபாவில் சாய்ந்தார் மாமனார். இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கிறிஸ்மஸ் மத்தியானம் ஆளுக்கொரு நாட்டின் கிறிஸ்மஸ் கதையைச் சொல்லியாக வேண்டும் என்பது அந்த வீட்டில் அவர் போட்ட சட்டம்.

கல்யாணமாகி மூன்றே மாதமான சின்ன மருமகள் புருஷனை முறைத்தாள். தையல்கடையில் பண்டிகைத் துணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு நேற்றுதான் நிமிர்ந்திருந்தாள். இப்படி ஒரு சட்டம் இருப்பதையே புருஷன் இப்போதுதான், அதுவும் கேக்கை மென்றுகொண்டே சொன்னான். மகராசன்!

“போன வருஷம் நான் சொன்ன கதையை மாமா பொய்னுட்டார். அன்னிலேருந்து இந்த வீட்ல எனக்குப் பேரே ‘புருடா அண்ணி’தான்” என்று மூத்த மருமகள் அவள் காதைக் கடித்தாள். “நல்லவேளை, துணைக்கு நீ வந்துட்டே.”

வேறு வழியில்லை. சின்னவள் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள்.

“வடக்கே ஒரு பனித் தீவு மாமா. அங்கே கிறிஸ்மஸ் சட்டையில பொத்தானைத் தைக்காமலே விட்டுடுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வந்துதான் தச்சுவிடணும். பேச்சுவார்த்தை இல்லாதவங்களா இருந்தாலும் வந்தாகணும். இல்லேன்னா சட்டையைத் திறந்து போட்டுக்கிட்டு நடுங்க வேண்டியதுதான்.”

மாமனார் மெல்லுவதை நிறுத்தினார். “ஊசி யாரோடது?”

“வர்றவங்களோடது மாமா.”

“நூலு?”

“அது… வீட்டுக்காரங்களோடது.”

“தீவுக்குப் பேரு?”

தொலைந்தோம் என்று நினைத்தாள். மூத்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பேரு வந்து… வாய்லயே நுழையாது மாமா.”

“நுழையாதுதான்!” மாமனார் தொடையைத் தட்டினார். “எனக்கும் நுழையல. ரெண்டு கிறிஸ்மஸ் அங்கே இருந்திருக்கேன். ஒரு கிழவி என் சட்டைக்குப் பொத்தான் தச்சுவிட்டு, கன்னத்துல முத்தமும் கொடுத்தா. சத்தியமான கதை!”

எல்லோரும் கைதட்டினார்கள். சின்னவளுக்குத்தான் தலை சுற்றியது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே மாமனாரும் வந்து கதவைச் சாத்தினார்.

“கட்டின கதைதானே?”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “மன்னிச்சிடுங்க மாமா.”

“ஷ்ஷ்! அத்தை காதுல விழப்போகுது. கப்பல் கரையில நின்னா எல்லாரும் ஊர் பார்க்க இறங்கிடுவாங்க. திரும்பி வர்றவங்களுக்கு விருந்து சமைக்கிறவன் எங்கேம்மா இறங்குறது?” குரலை இன்னும் தாழ்த்தினார். “இருபத்தெட்டு கிறிஸ்மஸும் எனக்கு அடுப்படியிலதான். இத்தனை வருஷமா நான் சொன்னதும் கட்டின கதைதான், இனி கட்ட ஒண்ணும் பாக்கியில்ல. அடுத்த வருஷத்துக்கு எனக்கும் சேர்த்து ஒரு ஊரைக் கட்டி வை.”