இடித்த வீட்டில் என் பாதி

இப்போதெல்லாம் அவரவர் இடித்த வீட்டின் ஜல்லியில்தான் புது வீடு கட்ட அனுமதி. விவாகரத்தானதும் எங்கள் வீட்டை அரைத்து, ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். என் பாதிக்கு ஓர் அறைதான் வரும். அந்தச் சுவர்களுக்குள் மறுபடி தூக்கம் வருமா என்று பயந்திருந்தேன்.

ஒரு லாரிக்குப் பதில் இரண்டு வந்து நின்றன.

"அக்கா, சார் தன் பங்க வேணாம்னுட்டாராம். அதுல கட்டுனா உங்க ஞாபகம் வருமாம்," என்று சிரித்தாள் மேஸ்திரி அமலோற்பவம். "திருப்பி அனுப்பிரவா?"

ஒரு கை அள்ளிப் பார்த்தேன். எது சமையலறை, எது அவர் கதவடைத்துக்கொண்ட அறை என்று தெரியவில்லை. வெறும் கல். பயம் விட்டுப்போயிற்று.

"கொட்டச் சொல்லு. இன்னொரு ரூம் போட்டுரலாம்."

"யாருக்குக்கா?"

"எனக்கு."

"அப்ப மொத ரூமு?"

"அதுவும் எனக்குத்தான்."