போட்டுக் கொடுத்தவள்

சசிகலா மேடையேறி மைக்கைக் கையில் எடுத்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கலைமதி வாசலைப் பார்த்தாள்.

வாசலுக்கும் அவளுக்கும் நடுவே வரிசை முழுக்க முதலாண்டுப் பிள்ளைகள். எழுந்து போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரியில் அன்று மாணவர் நலக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த டாக்டர் பேசி முடித்திருந்தார். அடுத்து நம் மாணவி ஒருவர் பேசுவார் என்று சோபனா மேடம் சொன்னார். ஆலோசனை மையத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பேசப்போவது யார் என்று சொல்லவில்லை.

போன வருடம் வரை கலைமதியும் சசிகலாவும் விடுதியில் ஒரே அறை.

அப்போது சசிகலா முதலில் தலை பின்னுவதை விட்டாள். பிறகு சாப்பிடப் போவதை விட்டாள். வகுப்பு முடிந்து வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கேட்டால் தலைவலி என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று தலைக்குக் குளித்து, சிரித்த முகமாக வந்தாள். தீபாவளிக்கு வாங்கிய ஜிமிக்கியைக் கழற்றிக் கலைமதியின் கையில் வைத்தாள்.

"நீயே போட்டுக்கடி. நான் இல்லாட்டி இந்த ஜன்னலோரக் கட்டிலையும் நீயே எடுத்துக்க, காத்து நல்லா வரும்."

ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கலைமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாகலாம் என்று ஏதாவது நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டுவிட்டாள். பைத்தியமா உனக்கு என்று சசிகலா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலைமதி நம்பவில்லை. விடியும்வரை அவளை ஒட்டியே படுத்திருந்துவிட்டு, காலையில் சோபனா மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

மதியத்துக்குள் மாரண்டஹள்ளியிலிருந்து சசிகலாவின் அம்மா மாதம்மாள் வந்துவிட்டார். தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே பஸ் ஏறியிருந்தார். சேலையெல்லாம் தக்காளிக் கறை. மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோ வந்து நின்றபோது, சசிகலா விடுதி வாசலில் நின்று கத்தினாள். யார் என்னைப் போட்டுக் கொடுத்தது என்று கேட்டாள்.

கூட்டத்தின் பின்னால் கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு பருவம் கழித்து சசிகலா திரும்பி வந்தாள். விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்தே வந்து போனாள். வராந்தாவில் எதிர்ப்பட்டால், கலைமதியின் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. கலைமதியும் பேசவில்லை. இந்த ஜென்மத்தில் இனி அவள் தன்னை மன்னிக்கப் போவதில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டாள்.

இப்போது அவள் கையில் மைக்.

"போன வருசம் எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு உங்களுக்கெல்லாம் சொல்லியிருப்பாங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. உசுரோட இருக்க வேணாம்னு முடிவு பண்ணியிருந்தேன்."

சசிகலா மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான், யாரும் என்னைய பாக்கறதில்லைன்னு நெனச்சேன். ஆனா யாரோ ஒருத்தர் பாத்திருக்காங்க. மேடம்கிட்ட போய்ச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு அவங்க மட்டும் கையில கெடைச்சிருந்தா கழுத்தை நெரிச்சிருப்பேன்."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சசிகலாவும் சிரித்தாள். பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னிக்கு நான் சாப்பிடறேங்க, தூங்கறேன். வூட்ல எங்கம்மாகூட நல்லாச் சண்டை போடறேன். யார் சொன்னதுன்னு மேடம் கடைசிவரைக்கும் சொல்லவேயில்ல. எனக்கும் கேக்கத் தைரியம் வரல. யார் மூஞ்சியையும் நிமுந்து பாக்க அவ்ளோ வெக்கமா இருந்துச்சு. அந்த ஒருத்தர் இங்க இருந்தா, இஷ்டம்னா மட்டும், எந்திரிச்சு நில்லுங்க. உங்களப் பாக்கணும்."

வெட்கமா? இத்தனை நாளாகத் தன் முகத்தைப் பார்க்காமல் போனது வெட்கத்தினாலா?

கலைமதி முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒருவழியாக எழுந்து நின்றாள்.

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவளுடையது அல்ல.

கண்ணைத் திறந்தாள்.

இரண்டாவது வரிசையில் கனிமொழி நின்றுகொண்டிருந்தாள். மதிப்பெண்ணுக்காக முதல் வருடத்திலிருந்தே சசிகலாவோடு மல்லுக்கு நின்றவள்.

பையன்கள் பக்கம் வீரமணி நின்றுகொண்டிருந்தான். எந்தப் பெண்ணிடமும் இதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவன். காது வரை சிவந்திருந்தான்.

பக்கவாட்டுச் சுவரோரம், விருந்தினருக்கு டீ கொண்டுவந்த விடுதிச் சமையல்கார அம்மா காசியம்மாள் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார். தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

நால்வரும் ஒருவரையொருவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

மேடையில் நின்றபடி சசிகலா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கலைமதியிடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அணைக்காத மைக்கில் அவள் விசும்பலும் சிரிப்பும் சேர்ந்து அரங்கம் முழுக்கக் கேட்டன. முதலாண்டுப் பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள். பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை.

சோபனா மேடம் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

போன வருடம் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் கதவைத் தட்டியவர்களில், கலைமதி நான்காவது ஆள்.