இரண்டாம் லைன் எண்கள்

2004 மே 16, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டாம் உற்பத்தி லைனின் எண்கள் தாறுமாறாக அச்சாயின.

மெஷின்கள் நெட்வொர்க்கில் அனுப்பும் தகவலைப் பிடித்து, பிரித்து, அச்சிடும் பழைய புரோகிராம் அது. அதைச் சுத்தப்படுத்தும் வேலை மாரிராஜுடையது. திங்கட்கிழமை சரியாக ஓட்டிக் காட்டினால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம். ஆனால் பத்து மணிக்குச் சேரப்பணஞ்சேரியில் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

"எவம்ல இதை எழுதுனது? கையில கிடைச்சான், தொலைஞ்சான்!" என்று பைக்கில் வழியெல்லாம் திட்டினான்.

"பொண்ணு வீட்லயாவது வாயை மூடிட்டு இருல," என்றான் வண்டி ஓட்டிய அறைத்தோழன் அந்தோணிராஜ்.

பெண் வீட்டில் காபி கொண்டுவந்த மணப்பெண் எழிலரசி, "ஏங்க, மூஞ்சியே சரியில்லையே?" என்று கேட்டாள். மாரிராஜால் அடக்க முடியவில்லை.

"புரோகிராம்ல வேண்டாத வரின்னு முந்நூறைத் தூக்குனேங்க. எதனால கெட்டுதுன்னே தெரியல. எனக்கு முன்னாடி இருந்தவன் ஒரு கிறுக்கன்."

"நம்பரைத் திருப்பிப் போடுற நாலு வரியையும் தூக்கிட்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டாம் லைன் மெஷின் பழசுங்க. நம்பரை முன்பின்னா மாத்தித்தான் அனுப்பும். அந்த நாலு வரிதான் அதை நேராக்கும்."

மாரிராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்கு எப்படி..."

"அந்தக் கிறுக்கன் நான்தாங்க. போன வருஷம்தான் வேலையை விட்டேன். ஜாதகத்தோட வந்த பேப்பர்ல கம்பெனி பேரைப் பார்த்தேன். என் புரோகிராம் யார் கையில மாட்டிக்கினு இருக்குன்னு பார்க்கத்தான் உங்களை வரச் சொன்னேன்."

அந்தோணிராஜுக்குச் சிரிப்பில் புரையேறியது.

ஜூனில் மாரிராஜுக்கு வேலை நிரந்தரமானது. ஆவணியில் திருமணம் நடந்தது.