எண் இருக்கிறது, ஆள் எங்கே?

மார்ஜரி மறுபடியும் கொட்டாவி விட்டாள்.

லண்டனிலிருந்து, சுகாதார அமைச்சகத்தின் சார்பில் விசாரிக்க வந்திருந்த ரோவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசுவது சாகக் கிடப்பவர்களைப் பற்றி. அவர்களுக்கான சேவைக்கு ஒப்பந்தம் போடும் அதிகாரிக்கோ கண் சொக்குகிறது.

“நான் பேசுறது தாலாட்டு மாதிரி இருக்கா?”

“மன்னிக்கணும் மேடம்.” மார்ஜரி டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

முன்பு நர்ஸாக இருந்தவளாம். நாற்காலி கிடைத்ததும் தூக்கமும் கிடைத்துவிட்டது போலும்.

ரோவீனா ஒரு காந்த வில்லையை மேசையில் வைத்தாள். கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்கும் நோயாளிகளின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பது. ‘வலியா? எந்நேரமும் கூப்பிடுங்கள்’ என்று அதில் ஒரு எண்.

“இந்த போனை எடுக்குறது யாரு?” என்று வட்டாரச் சுகாதார வாரியத்தின் தலைவர் டெஸ்மண்டைக் கேட்டாள்.

“ஒரு குழு, மேடம்.”

“எந்த நிறுவனம்? டெண்டர் எடுத்தது யாரு?”

டெஸ்மண்ட் பிஸ்கட்டை டீயில் முக்கினார். அது ஒடிந்து உள்ளே விழுந்தது.

“நீங்க குடுத்த தொகைக்கு ஒருத்தரும் டெண்டருக்கு வரல.”

“அப்போ குழு?”

அவர் கரண்டியால் டீக்குள் பிஸ்கட்டைத் துழாவினார்.

“இல்லாத சேவையை இருக்குன்னு எங்களுக்கு எழுதி அனுப்பிருக்கீங்க. சாகப்போறவங்க காதுல பூ சுத்துறீங்க. இன்னிக்கே நடவடிக்கைக்கு எழுதுவேன். உங்க வேலையே போயிடும்.”

“எழுதுங்க,” என்றார் டெஸ்மண்ட். “அந்த எண்ணை மட்டும் நிறுத்திடாதீங்க.”

“எடுக்க ஆளில்லாத எண்ணு இருந்தா என்ன, போனா என்ன?”

மார்ஜரியின் தலை நெஞ்சில் சாய்ந்துவிட்டது.

ரோவீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். மடியில் வைத்தபடியே தன் போனில் அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டாள். அடித்துக்கொண்டே கிடக்கட்டும், பொய் இவர்கள் கண் முன்னாலேயே சந்திக்கு வரட்டும்.

மார்ஜரியின் கைப்பைக்குள் போன் ஒலித்தது.

“கூட்டத்துல போனை அணைச்சு வைக்கிற மரியாதைகூடத் தெரியாதா...” என்று ரோவீனா ஆரம்பித்தாள்.

மார்ஜரி அதைக் காதில் வாங்கவில்லை. திடுக்கிட்டு விழித்தவள், போனை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“நான் இருக்கேன் கண்ணு. யாருக்கு வலி? போனை வச்சிடாத, சொல்லு.”

ரோவீனாவின் மடியிலிருந்தும் அதே குரல் கேட்டது.