அயர்லாந்தில் ஒரு வருடம்

"அப்ப எனக்கு வாற கடிதங்களை ஆர் வாசிக்கிறது?"

அயர்லாந்துக்குப் படிக்கப் போக விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று டிசெம்பரில் றொஷானி சொன்னதும், அம்மா சுகிர்தம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். எந்த ஊர், எத்தனை மாதம் என்று ஒன்றும் கேட்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்காமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

றொஷானி பிரெஞ்சு நகரமான சென் தெனியில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். இரண்டாம் வருடம். மூன்றாம் வருடத்தை வெளிநாட்டில் படிப்பதால் என்ன நன்மை என்று ஆசிரியர் பிராங்க் வகுப்பில் விளக்கியிருந்தார். புத்தகத்தில் இருக்கும் மொழி வாய்க்கு வரும். வேலைக்கு எடுப்பவர்கள் அந்த ஒரு வருடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைவிட, தன் காரியத்தைத் தானே பார்க்கப் பழகலாம்.

கடைசி நன்மையைக் கேட்டு றொஷானிக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வயதிலிருந்து அவள் அம்மாவின் காரியத்தையும் சேர்த்தல்லவா பார்க்கிறாள்!

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் அவளுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றில் இதுதான் வழக்கம். பிரெஞ்சில் கடிதம் வந்தால் பெரியவர்கள் உடைப்பதில்லை. ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் போன பிள்ளை வரும்வரை காத்திருப்பார்கள். சுகிர்தத்துக்கு வேலை பாலச்சந்திரனின் மரக்கறிக் கடையில். அங்கே தமிழே போதும். வெளியே எங்கே போனாலும் மகள்தான் வாய். அம்மாவின் வயிற்றில் கட்டி இருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது றொஷானிக்கு வயது பதினொன்று.

அப்பா இறந்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

மே மாதம் றொஷானிக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் இணையத்தில் சம்மதம் தெரிவிக்க வேண்டும், அல்லது விலக வேண்டும்.

அவள் நாலு நாள் யோசித்தாள். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் யார் நிற்பது? அம்மாவிடமே கேட்கலாம் என்றால், அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில்கூட கோயில் அலுவல் என்று புறப்பட்டுவிடுவாள். மகளின் படிப்பை விடக் கோயிலில் அப்படி என்ன அவசரம் என்று றொஷானி மனதுக்குள் கறுவியதும் உண்டு.

வியாழக்கிழமை ஃபிரிட்ஜின் மேல் ஒரு கடிதம் இருந்தது. அம்மாவின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க நவம்பர் பதினான்காம் திகதி நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். றொஷானி அதை வாசித்துச் சொன்னாள். அம்மா கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு, பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தபடி, றொஷானி விலகினாள். அன்று மாலை, தனக்கு இடம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள்.

"உன்னை எடுக்கேல்லையோ? பாலச்சந்திரன் அண்ணையின்ரை யசோதினியை எடுத்திருக்கினமே!"

"அவளுக்கு மார்க்ஸ் கூட, அம்மா."

"உனக்கு ஏன் இல்லை? எந்த நேரமும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்பிடி வரும்? நீ படிச்சுக் கிழிச்சது காணும்."

இரண்டு கிழமை இதே பேச்சு. கடையில் பாலச்சந்திரனுக்கு முன்னாலும் அம்மா அதைச் சொன்னாள். அவர் மகள் யசோதினி அங்கேயே பயணப்பெட்டி வாங்குவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றாள். யாருக்காக விட்டுக்கொடுத்தேன் தெரியுமா என்று கேட்க றொஷானிக்கு வாய் துடித்தது. மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஜூன் நடுவில் ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தபோது, மேசையில் பல்கலைக்கழகத்தின் கடித உறை உடைத்தபடி கிடந்தது. அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் கடிதம் உடைத்ததில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியோடு கடிதத்துக்கு முன்னால் இருந்தாள். வரிகளுக்கு மேல் அங்கங்கே பென்சிலால் தமிழ்ச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன.

"ஆர் அம்மா வாசிச்சுத் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. யூனிவர்சிற்றியின்ரை பேரைக் கண்டன். ஒருவேளை இப்ப இடம் கிடைச்சிட்டுதோ எண்டு ஆசையில உடைச்சிட்டன்."

சுகிர்தம் வரிக்குக் கீழே விரலை வைத்து, பிரெஞ்சில் உரக்க வாசித்தாள். உச்சரிப்பு தடுக்கியது. ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை. நீங்களாகவே விலகிக்கொண்டதால் உங்கள் இடம் வேறொரு மாணவருக்கு வழங்கப்பட்டுவிட்டது.

றொஷானி கதிரையில் இருந்துவிட்டாள். "நீங்கள் எப்ப பிரெஞ்சு படிச்சனீங்கள்?"

"நீ போகப்போறன் எண்டு சொன்ன அடுத்த சனிக்கிழமை துவங்கினது. கோயில் மண்டபத்தில மர்கரீத் ரீச்சர் படிப்பிக்கிறா. பெயில் விட்டால் வெட்கம் எண்டுதான் உனக்குச் சொல்லேல்லை. நீ அங்கை போயும் என்ரை கடிதங்களை யோசிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது பிள்ளை."

பிறகு அம்மா, அடுத்த வருடம் கேட்டுப் பார்க்க ஏலாதோ என்று கேட்டாள். மூன்றாம் வருடத்துக்கு மட்டும்தான் அந்த ஒழுங்கு என்று றொஷானி மெல்லச் சொன்னாள்.

சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"நான் ஒருத்தரையும் கேளாமல் தனிய வாசிச்சு விளங்கின முதல் கடிதம் இதுதான்."