தேர்வு மண்டபத்தில் நாற்பது கம்பளிகள்

"கோட்டு, சால்வை எல்லாம் வெளியேன்னு இந்த வருஷம் பல்கலைக்கழக செனட் போட்ட விதி. கம்பளியக் கழட்டும்மா!"

"கம்பளி எங்க உடுப்பு ஐயா. பட்டமளிப்பு அன்னைக்கு நீங்க எதப் போர்த்திட்டு உக்காந்திருந்தீங்க?"

தலைமைக் கண்காணிப்பாளர் ராமொஹாபி கையிலிருக்கும் விதித்தாளைப் பார்க்கிறார். விடைத்தாள் கட்டோடு, அவருக்கு உதவியாக, நான் பக்கத்தில் நிற்கிறேன். அவரை எதிர்த்துக் கேட்ட கெனெவே நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள். இது அவளுடைய கடைசித் தேர்வு; இன்று எழுதாவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். எங்கள் லெசோத்தோ மலையில் வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே எல்லார் மூச்சும் புகையாகத் தெரிகிறது. "பிட்டு இருந்தா?" என்கிறார் அவர், குரல் இறங்கி. "நீங்களே பாருங்க." தோளில் கம்பளியைப் பிடித்திருந்த ஊசியைக் கழற்றி, சோளக்கதிர் போட்ட சிவப்புக் கம்பளியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து உதறுகிறாள். ஒரு துண்டுக் காகிதம்கூட விழவில்லை. யாரும் சொல்லாமலே பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன. நாற்பது பேரும் எழுந்து தங்கள் கம்பளிகளை உதறுகிறார்கள். நீலம், பழுப்பு, பச்சை என்று மண்டபம் முழுக்க நிறம் படபடக்கிறது. ராமொஹாபி விதித்தாளை மறுபடி படிக்கிறார். "கம்பளின்னு இதுல ஒரு வார்த்தை இல்லப்பா. போர்த்திக்கிட்டு உக்காருங்க, கை விறைச்சா எப்படி எழுதுவீங்க?" நெஞ்சை நிமிர்த்தி நான் விடைத்தாள் கொடுக்கிறேன்.

உங்கள் ஊரில் எந்த உடுப்பைக் கழற்றச் சொன்னால் ஒரு மண்டபமே இப்படி எழுந்து நிற்கும்? கீழே எழுதுங்கள்.