இடது கைக்கு ஆறு, வலது கைக்கு முப்பது

அளந்து முடிக்கும்வரை எதையும் தூக்கக்கூடாது என்று ஜிம்முக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டார் ரயிஸ் காபர்.

தூக்கினால் ரத்தம் ஏறிக் கை உப்பிக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் அது வடிந்தும்விடும். மீன்படகு நடத்துகிற ரயிஸுக்கு இந்தச் சூட்சுமத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஷவ்கி சட்டையைக் கழற்றினான். இடது கையை மடக்கி நின்றான்.

பயிற்சியாளர் என்பதால் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் ஜிம் சொந்தக்காரர் ரகப் டேப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.

அடுத்தது வலது கை.

அந்தக் கைதான் வழக்கே. போன கோடையில், ரயிஸின் படகில், வலை இழுக்கும் வின்ச் அதைக் கவ்விக்கொண்டது. மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வெளியே வந்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் கை. முப்பத்துமூன்று.

ரயிஸ் மழுப்பவில்லை. இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுத்தால்தான் வலை நேராக ஏறும், கோணினால் கிழியும். குளிர்காலம் முடியட்டும், டேப் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் உன் இடம் உனக்கு. இல்லையென்றால் கரையில் ஏதாவது வேலை தேடிக்கொள் என்றார்.

மக்ஸ் கால்வாய் மீனவர் குடியிருப்பில் வளர்ந்தவனுக்குக் கரையில் என்ன வேலை இருக்கிறது?

ஜிம்முக்கு வந்தான். வந்த அன்றே சண்டை.

ரகப்பின் ஜிம்மில் ஒரே சட்டம்தான். சதை வேண்டுமா, கனமாக எடு. ஆறு தடவை தூக்கு. ஏழாவது வந்துவிட்டால் எடை போதவில்லை என்று அர்த்தம்.

ஷவ்கியின் கூட்டாளி பய்யூமி அதை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் ஒட்டிய எலும்பில் கனத்தைத் தொங்கவிட்டால் திரும்ப விட்டுப்போகும் என்றான். சின்ன டம்பெல் போதும், முப்பது தடவை தூக்கட்டும். ஆறோ முப்பதோ, கைக்கு எண்ணத் தெரியாது. இனிமேல் முடியாது என்கிற இடம் மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த இடம்வரை கொண்டுபோனால் சதை வந்தே தீரும்.

"முப்பதா? அதுக்குப் பேரு எடை தூக்குறது இல்லடா, ஈ ஓட்டுறது," என்றார் ரகப்.

ஜிம்மே சிரித்தது. ஷவ்கி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பய்யூமிதான் வாசலில் மறித்துப் பந்தயம் கட்டினான். இடது கைக்கு ரகப்பின் ஆறு. வலது கைக்குத் தன் முப்பது. எந்தக் கை அதிகம் ஏறுகிறதோ அந்தக் கட்சிக்கு ஜெயம். தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும்.

ரகப்பின் மீசை போகும் என்றால் எந்த டம்பெல்லும் கேவலமில்லை. ஷவ்கி திரும்பி உள்ளே வந்தான்.

அந்த ஜிம்மில் தூக்குகிறவன் எண்ணக்கூடாது. எதிரே நிற்பவன்தான் எண்ணுவான். அவன் போதும் என்றால்தான் இறக்கி வைக்கலாம். குளிர்காலம் முழுக்க, புயல் கரையை அறைந்த நாட்களில்கூட, எண்ணியது பய்யூமி.

ரகப் இப்போது வலது கையில் டேப்பைச் சுற்றினார். பார்த்தார். பிரித்துவிட்டு மறுபடியும் சுற்றினார்.

முப்பத்தெட்டு.

யாரோ விசில் அடித்தார்கள். பய்யூமியின் முதுகில் நாலு தட்டு விழுந்தது.

ரகப்புக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வலது ஏறியது சரி, இழந்ததைக் கை திரும்ப எடுத்துக்கொள்ளும். இடதுக்கு என்ன வந்தது? முதல் நாளும் முப்பத்தெட்டு, இன்றும் முப்பத்தெட்டா? ஒரு குளிர்காலம் ஒழுங்காக ஆறு தூக்கிய கை ஒரு நூல்கூட ஏறாமல் நிற்குமா?

பய்யூமி தரையைப் பார்த்தான்.

"இவன் ஆறுன்னு சொல்றப்ப நான் நாலுதான் தூக்கியிருப்பேன் கேப்டன்," என்றான் ஷவ்கி. "வலது கைக்கு இருபத்தெட்டையே மூணு வாட்டி சொல்லுவான்."

முதல் வாரமே அவனுக்குத் தெரியும். எண்ணக்கூடாது என்றால் மனசு எண்ணாமல் இருக்குமா? ஆரம்பத்தில் பய்யூமி தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தான். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. பிறகு ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தான். இடது கை அப்படியே நின்று, வலது கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டான்.

ஆறும் ஜெயிக்கவில்லை, முப்பதும் ஜெயிக்கவில்லை, களவாணித்தனம்தான் ஜெயித்தது என்றார் ரகப். களவாணியே மீசையை எடுக்கட்டும். பய்யூமி தலையாட்டினான்.

எல்லோரும் ரயிஸைப் பார்த்தார்கள். ஏறவிடாமல் பிடித்து வைத்த கை கணக்கில் சேருமா?

அவர் ஷவ்கியின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார். ஒன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்டேன், எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லையே என்றார். விடியற்காலையில் படகுக்கு வந்துவிடச் சொன்னார்.

வாசல்வரை போய் நின்றார்.

"பய்யூமி, நாளைலேருந்து நீ வர வேண்டாம். பூட்ஸை மட்டும் இவன்கிட்ட குடுத்துடு."

போன கோடையிலிருந்து ஷவ்கியின் இடத்தில் நின்று வலை இழுத்த பய்யூமி, சரி என்றான். பிறகு ஷவ்கி பக்கம் திரும்பி, இடது பூட்ஸில் தண்ணீர் இறங்குகிறது, ராத்திரிக்குள் ஒட்டி வைக்கிறேன் என்றான்.